மைத்துனன் குதிரைக்குப் போட்ட ஊசி

ஞாயிறு, இரவு.

ஆரணி–போளூர் சாலையில் நடந்த குதிரைவண்டிப் பந்தயத்தில் மைத்துனன் சேகரின் குதிரைதான் முதலில் வந்தது. என் குதிரை ராஜா மூன்றாவது. எனக்கே கிடைக்கும் என்று நம்பி, பரிசுக்காக நானே தறியில் நெய்து கொடுத்த பட்டு அங்கவஸ்திரம் அவன் தோளில் ஏறியது. என் மனைவி தம்பிக்காகக் கை தட்டினாள்.

பிறகு அவன் குதிரையின் தொடை வெடவெடவென்று நடுங்கியது. பார்த்ததும் எனக்கு உள்ளம் குளிர்ந்தது.

மாட்டு டாக்டர் என்னைத் தனியே அழைத்தார். "மூத்திரம் போற ஊசி போட்டு இட்டுகினு வந்திருக்காரு உங்க மச்சான். ஒடம்புல இருக்கற தண்ணி வெளிய போனா எடை கொறைஞ்சி வேகமா ஓடும். உப்பும் கூடவே போயிடும், அதான் சதை இழுக்குது. இன்னொரு வாட்டி போட்டா வுழுந்துடுமுங்க."

"அந்த ஊசி பேரு இன்னாங்க?" என்று கேட்டேன். சேகரை எச்சரிக்கத்தான் கேட்டேன்.

அவனிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. ராஜாவுக்குக் கொள்ளு வைக்கும்போதும் அந்த ஊசியின் பெயர்தான் வாயில் வந்தது.