நீங்கள் போகாத இரண்டு ஸ்கேன்கள்

இன்று காலை ஸ்கேன் அறையிலிருந்து வெளியே வந்த வசந்தி, கழுத்தடியில் ஒட்டியிருந்த ஜெல்லை டிஸ்யூவால் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் குளிர்ந்த வாடை மூக்கில் ஏறியதும் நம் மகள் நின்ற இடத்தில் நீங்கள் வந்து நின்றீர்கள். வருடா வருடம் இதே வாடையோடு, சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டுக்கொண்டு வெளியே வருவீர்கள். நான் அவிழ்த்துச் சரியாகப் போட்டுவிடுவேன். "கான்வென்ட்டுக்காரிகிட்ட மாட்டினா பொத்தானும் தப்பிக்க முடியாது" என்பீர்கள்.

பெருநாடி வால்வில் மூன்று இதழ்கள் இருக்கவேண்டிய இடத்தில் உங்களுக்குப் பிறவியிலேயே இரண்டுதான். நில அளவை அலுவலகத்தில் வேலை பார்த்தவர் அல்லவா, வால்வுக்கு மேலே பெருநாடி எத்தனை மில்லிமீட்டர் விரிந்திருக்கிறது என்று டாக்டரைத் துளைத்தெடுப்பீர்கள். "எல்லைக்கல் நகரல" என்று சிரித்தபடி காருக்கு வருவீர்கள்.

பிறகு தங்காக் ஊரிலிருந்து வசந்திக்கு வரன் வந்தது. மாப்பிள்ளையின் அத்தை, நீங்கள் போகும் அதே இதயப் பிரிவில் வேலை பார்க்கிறார் என்று தெரிந்ததும் உங்கள் முகம் மாறியது.

"அப்பனுக்குப் பிறவிக் கோளாறுன்னா பொண்ண யார் எடுப்பா? தாலி ஏறட்டும், அப்புறம் போலாம்."

"வேற ஆஸ்பத்திரிக்குப் போலாமே."

"எந்த ஆஸ்பத்திரியில நம்ம ஆளு இல்ல?"

பொய் சொல்லக்கூடாது என்று கன்னியாஸ்திரிகளிடம் முட்டி போட்டுக் கற்றவள் நான். ஆனாலும் உங்கள் உடம்பைப் பற்றிக் கேட்டவர்களிடமெல்லாம் "அவருக்கு வாயுத்தொல்லை" என்று கூசாமல் சொன்னேன். அந்த வருட ஸ்கேனுக்கு நீங்கள் போகவில்லை. நிச்சயம், கல்யாணம், மறுவீடு என்று அடுத்த வருடமும் போகவில்லை. தலைத் தீபாவளி முடிந்த சில வாரங்களில் குளியலறை வாசலில் விழுந்தீர்கள், பிறகு எழவே இல்லை. பெருநாடி கிழிந்துவிட்டது என்றார்கள்.

இது குடும்பத்தில் தொடரலாம், பிள்ளையையும் பாருங்கள் என்று டாக்டர் அன்றே எச்சரித்தார். நான் வசந்தியிடம் "ஹார்ட் அட்டாக்" என்றேன். இருபது வருடங்களுக்கு மேல் அப்படியே விட்டேன்.

போன மாதம் பெர்மாஸ் ஜெயாவில் நம் வீட்டு மாடிப்படியின் பாதியில் அவள் மூச்சு வாங்க நின்றாள். அந்தப் படியிலேயே உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரிஞ்சுக்கிட்டே இருந்தீங்களாம்மா?"

"இருந்தேன்."

அன்றே தங்காக்குக்குத் திரும்பிப் போய்விட்டாள். ஒரு வாரம் கழித்துப் போனில், "எந்த டாக்டர்?" என்று மட்டும் கேட்டாள்.

அவளுக்கும் இரண்டே இதழ். பெருநாடி சற்று விரிந்திருக்கிறது. ரத்தம் கோணலாகப் பாய்ந்து சுவரில் மோதுவது ஒரு காரணம், சுவரே பிறவியில் பலவீனமாக இருப்பது இன்னொன்று என்றார் அந்த இளம் டாக்டர். உடலுக்குள் ஓயாமல் கனலும் அழற்சிக்கும் இந்த விரிவுக்கும் தொடர்பிருக்கலாம் என்று இப்போது ஆராய்கிறார்களாம்.

"உறுதியா, ஊகமா?" என்றேன்.

"ஊகத்துக்கு மேல, உறுதிக்குக் கீழ, ஆன்ட்டி. ஆனா வருஷா வருஷம் அளந்தே ஆகணும், அது உறுதி. இவங்க மகளையும் கூட்டிட்டு வாங்க."

காரில் ஏறியதும் வசந்தி, "எங்க மாமியாருக்குத் தெரிய வேணாம்மா. பாப்பாவுக்கு இப்பதான் ஒரு இடம் வந்திருக்கு" என்றாள். மறுபடியும் அதே பயம், அதே பொய். உன்னோடு தங்காக்குக்கு வந்து நானே அவரிடம் சொல்கிறேன் என்றேன். வழியில் யோங் பெங் ஊர் தாண்டும்வரை வாதாடினாள். நான் இறங்கிக்கொள்ளவில்லை.

சம்பந்தியம்மா தன் கடையில் துணி மடித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன்.

"அப்பவே சொல்லியிருந்தா சம்பந்தமே வேணாம்னு எழுந்து போயிருப்போம்லா!"

"தெரியும். அதுக்குப் பயந்துதான் அவரு ஸ்கேனுக்குப் போகல. உங்க பேத்தியையும் அப்படியே விடணுமா?"

மடித்த துணியை உதறினார். மறுபடி மடித்தார். "வாயுத்தொல்லைன்னு என் மூஞ்சியப் பாத்தே சொன்னீங்க. நான் வேற பூண்டு லேகியம் கிண்டிக் கொடுத்தேன்."

"ஒரு கரண்டி விடாம சாப்பிட்டாரு."

அவர் சிரிக்கவில்லை. வசந்தி பக்கம் திரும்பினார். "அலமாக், அய்யோ, நீ ஏன் நிக்கிற, உக்காரு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகு என்னிடம், "பாப்பாவுக்கு எப்ப?" என்றார்.

"வியாழக்கிழமை."

"நானும் வரேன். அந்த மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கேட்டா நானே சொல்லிக்கிறேன். வேணாம்னா போகட்டும்."

உங்கள் பயம் வீண் இல்லை. அதை அவர் வாயாலேயே கேட்டுவிட்டேன். ஆனால் அந்தப் பயத்துக்கு நான் தலையாட்டியிருக்கக் கூடாது. உங்கள் பொய்யில் பாதி என்னுடையது. அந்தச் சுமையை இறக்கிவைக்கும்படி யாரிடமும் கேட்கமாட்டேன், பேத்தியின் தலையில் ஏற்றவும் விடமாட்டேன்.

வியாழக்கிழமை, குடும்பத்தில் வேறு யாருக்கு இது இருந்தது என்று கேட்பார்கள். உங்கள் பெயரை, அடையாள அட்டையில் இருப்பதுபோல் உங்கள் அப்பா பெயரோடு சேர்த்து முழுதாகச் சொல்வேன். பக்கத்தில் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி சொல்வேன்.