ஏழுமலை நிலத்தில் சிவப்புப் புள்ளி

செவ்வாய்க்கிழமை, இரவு.

எங்கள் ஊர் ஏழுமலையின் நிலத்துக்குப் போலீஸ் வரும் என்று நான் போன வாரமே சொன்னவன். சொன்னபடியே ஆகப்போகிறது.

அக்கா மகள் கவிதா விழுப்புரத்தில் கல்லூரி ஆராய்ச்சிக்காக வரைபடம் தயாரிக்கிறாள். திருட்டுத்தனமாகக் கஞ்சா எங்கே பயிராகிறது, அது எவ்வளவு கிணற்றுத் தண்ணீரை இழுக்கிறது என்று கணக்கெடுக்கிறாளாம். முகையூர் பக்கத்தில் என்னைவிட யாருக்குத் தெரியும்? செயற்கைக்கோள் படத்தில் ஏழுமலையின் மல்லாட்டை (வேர்க்கடலை) நிலத்து வரப்பை நான்தான் தொட்டுக் காட்டினேன். அவள் சிவப்புப் புள்ளி வைத்தாள்.

இன்று மதியம் போன் செய்தாள். "மாமா, எங்க சார் போலீசுக்குச் சொல்லிட்டாரு. நாளைக்குக் காலையில வர்றாங்க. நீங்க கிட்டப் போய்ப் பாத்தீங்கதானே?"

"பாத்தேனாவா? வாசனையிலயே கண்டுபிடிச்சேன் கண்ணு! திண்டிவனத்துல ஆபீசருக்கே செடி காட்டிக் குடுத்தவன் நான்."

சாயங்காலம் ஏழுமலையே வந்து நின்றான். கையில் ஒரு கட்டுக் கீரை.

"அண்ணே, வரப்புல புளிச்சக்கீரை தழைச்சிக்கினு கெடக்குது. அண்ணியக் கடையச் சொல்லுங்க."

கட்டைப் பிரித்தேன். ஒவ்வோர் இலையும் ஐந்து விரலாகப் பிரிந்து, அச்சு அசலாகக் கஞ்சா மாதிரியே இருந்தது.

"இன்னா அண்ணே, மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சி?"

"வெயிலுப்பா" என்றேன்.

கவிதாவுக்கு இரண்டு முறை போன் போட்டு, அவள் எடுப்பதற்குள் கட் செய்துவிட்டேன். அவளிடம் என்னவென்று சொல்வது? இந்தக் கீரையைப் பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன். வாசனை நானாகச் சேர்த்தது.