உன் மாமா மேல் நான் கொடுத்த புகார்

அன்பு மகனுக்கு,

நீயும் மருமகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உடம்பளவில் எல்லோரும் சுகம், பேச்சுவார்த்தைதான் இல்லை. உன் அம்மா பத்து நாளாகத் தட்டை வைக்கிற சத்தத்திலேயே என்னோடு பேசிக்கொண்டிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ, "போனாப் போகுதுப்பா, மாமாதானே, புகாரை வாபஸ் வாங்கிடுங்க" என்றதிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை. கோபம் வந்தால் எனக்குப் போனில் பேச்சு வராது, அதனால்தான் எழுதுகிறேன். மாமா உன்னிடம் பாதிக் கதைதான் சொல்லியிருப்பான், முழுசையும் கேள். நானும் அவனும் வேலை பார்க்கிற நோயாளிகள் இல்லத்தில் ஏழாம் அறையில் இருப்பவர் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்தவர், இனி வைத்தியம் பலிக்காது, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எங்களிடம் அனுப்பப்பட்டவர். முப்பது வருஷம் விசில் ஊதிப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திய மனுஷனுக்கு இப்போது முதுகு தேய்க்க ஆள் வேண்டும். வெந்நீர் மேலே பட்டால் பழைய பாட்டுகளை உரக்கப் பாடுவார். அன்றைக்குக் குளிப்பாட்டும் முறை உன் மாமாவுடையது, ஒரு கையில் குவளை, மறு கையில் போன். துணியில்லாத உடம்பும் சோப்பு நுரையுமாக அவர் தலையாட்டிப் பாடுவதை எடுத்து ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். அது அங்கேயே நிற்குமா? மூன்றாம் நாள் அவருடைய மகள் கண்ணிலேயே பட்டு, அந்தப் பெண் எங்கள் வரவேற்பறையில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதது. குழுவில் இருந்த அத்தனை பேரும் அவசர அவசரமாக அதை அழித்துவிட்டு, யார் எடுத்தது என்றே தெரியாது என்று கையை விரித்தார்கள். நான் தெரியும் என்றேன், எழுதியும் கொடுத்தேன். "என் தம்பியைக் கூட்டிட்டுப் போய் வேலையில சேர்த்ததும் நீங்க, காட்டிக் கொடுத்ததும் நீங்க" என்றாள் உன் அம்மா, அதோடு மூடிய வாய்தான். விஷயம் மாஸ்டருக்கும் எட்டிவிட்டது. இப்போது நான்தான் தண்ணீர் ஊற்றுகிறேன், சூடு போதுமா என்றால் போதும் என்கிறார், பாட்டு இல்லை. இதில் நான் எதை வாபஸ் வாங்க, நீயே சொல்.

மாமா கெட்டவன் இல்லை, மற்றவர்கள் முகம் சுளிக்கிற படுக்கைப் புண்ணுக்குக்கூடச் சலிக்காமல் மருந்து போடுவான். "கேலி பண்ணலை அத்தான், அழகா இருந்துச்சு, அதான் எடுத்தேன்" என்றான். இருக்கட்டும், எடுக்கட்டுமா என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டானா? நாம் இருக்கிறோம் என்று நம்பித்தானே அவர் சட்டையைக் கழற்றுகிறார்? இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். வீடியோ வந்ததும் நானும் பார்த்தேன், சிரித்தேன், சிரிக்கிற மஞ்சள் மூஞ்சி ஒன்றையும் தட்டிவிட்டேன். புகாரில் அதையும் எழுதியிருக்கிறேன். அவன் ஒரு மாதம் அறைகளுக்குள் போகக் கூடாது, துணி துவைக்கிற இடத்தில் வேலை, எனக்கு எச்சரிக்கைக் கடிதம். எனக்கும் கடிதம் வந்ததை அவன் உன்னிடம் சொல்லியிருக்கவே மாட்டான். நேற்று பொறுப்பாளர் அம்மா மன்னிப்புக் கேட்டு வரச் சொன்னதால் ஏழாம் அறை வாசலில் வந்து நின்றான். மாஸ்டர் அவனைப் பார்க்கவே இல்லை, என்னிடம், "பல்செட்டை எடு, அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுவிடு" என்றார். பொத்தான் போட்டு, தலை வாரி முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. பிறகுதான், "இப்ப உள்ள வா" என்றார். உன் மாமா கையைப் பிசைந்துகொண்டு அழ ஆரம்பித்தான். "கையைக் கீழ விடு, நேரா நின்னு சொல்லு" என்றார். சொன்னான். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை, "சரி, போ" என்றார். வெளியே வந்தவன் என்னை ஏதோ சுவரைக் கடக்கிற மாதிரிக் கடந்து போய்விட்டான்.

இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள், என் ஆசி என்றும் உண்டு. நேரத்துக்குச் சாப்பிடு. அம்மாவுக்குப் போன் பண்ணு, ஆனால் எனக்காகப் பரிந்து பேசாதே. முக்கியமாக ஒன்று, மாமா அந்த வீடியோவை உனக்கும் அனுப்பியிருக்கிறான் என்று தெரியும். மருமகளுக்குக்கூடக் காட்டாமல், இந்தக் கடிதத்தை மடிப்பதற்குள் அழித்துவிடு.

கோபம் இன்னும் தீராத,
உன் அப்பா