ஈஸ்டர் முகாமுக்கு ஒரு பட்டயம்

கிரான்பர்ன்
2 பெப்ரவரி 2025

அன்பின் ஜினிக்கு,

போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, எழுதிப் பார்ப்போம் என்று நீர் சொன்னீர். இதோ எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் சுகம். நீரும் உம்முடைய தங்கை நிரூபாவும் சுகமாக இருக்க வேண்டும்.

நம் மத்தியகாலக் குழுவின் ஈஸ்டர் முகாமுக்கு இந்த முறை நான் போகப்போவதில்லை. பழைய ஐரோப்பிய ராசா, பிரபு என்று வேடம் போட்டவர்களுக்கு இத்தனை வருடம் கூடாரத்தில் சமைத்துப் போட்டது போதும். நீர் இல்லாத இடத்தில் எனக்கென்ன வேலை?

"ஒரு வருசம் தனிய இருந்து பாப்பம்" என்று சொல்லிவிட்டு நம் வீட்டை விட்டுச் சிட்னிக்குப் போனீர். சித்திரையோடு நீர் சொன்ன வருடம் முடிகிறது. திரும்பி வருவீரா? கேட்டால் கோபிப்பீரோ தெரியாது. கேட்டுவிட்டேன்.

உம்முடைய,
நித்தி


கிரவீன்
1 மார்ச் 2025

அன்பின் நித்திக்கு,

கோபம் ஒன்றும் இல்லை. நீங்கள் கேட்டதற்குப் பதிலை நேரில் சொல்கிறேன்.

முகாமுக்குக் கட்டாயம் வாருங்கள். ஏன் என்று கேட்காதீர்கள். நான் தைத்துத் தந்த நீல அங்கியைப் போடுங்கள். மாமியையும் கூட்டி வாருங்கள். சனிக்கிழமை ராசாவின் சபை கூடும்போது அடுப்படியில் நிற்காமல் முன்வரிசையில் இருங்கள்.

எனக்கு இங்கே பொழுது படம் கீறுவதில் போகிறது. சபையில் ஒருவருக்குக் கௌரவம் கொடுக்கிறார்களாம். அதற்குப் பட்டயம் எழுதித் தரச் சொல்லி முகாமை நடத்துகிற மோனிகா கேட்டிருக்கிறா. யாருக்கு என்று வாய் திறக்கக்கூடாது, நம் குழுவின் வழக்கம் உங்களுக்குத் தெரியும்தானே. ஓரமெல்லாம் கொடி, முயல், நத்தை. தங்கத்தாள் மூச்சுப் பட்டாலே பறக்கிறது. நிரூபா மின்விசிறியைப் போட்டு ஒரு தாளை நாசமாக்கிவிட்டு, "அக்கா, இது வேலையோ தண்டனையோ?" என்று என்னையே கேட்கிறாள்.

அன்புடன்,
சிவாஜினி


கிரான்பர்ன்
12 மார்ச் 2025

என் அன்பின் ஜினிக்கு,

வருகிறேன். அங்கி வயிற்றில் இறுக்குகிறது, அதனால் இரவுச் சோற்றை நிறுத்திவிட்டேன்.

உம்முடைய கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "என்னையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னவளே? அப்ப வாறாளடா!" என்று அழுதா. உடனே த பேசினில் இருக்கிற பிள்ளையார் கோயிலுக்குப் போய் உம்முடைய பேரில் அர்ச்சனை செய்தோம்.

நீர் படம் கீறுகிற அறைக்கு, முன்பு ஆசைப்பட்டுக் கேட்ட அதே பச்சை நிறம் அடித்திருக்கிறேன். அப்போது காதில் விழுத்தாமல் இருந்தது என் பிழை. மேசையை யன்னல் பக்கம் திருப்பிவிட்டேன்.

பட்டயம் வாங்கப்போகிற அதிர்ஷ்டசாலி யார், வாள்சண்டை போடுகிற நம் அருந்தவனா? எனக்கு மட்டும் சொல்லும். மாட்டீர், தெரியும்.

என்றும் உம்முடைய,
நித்தி


கிரவீன்
24 ஏப்ரல் 2025

அன்பின் நித்திக்கு,

சபையில் உங்கள் பெயரைக் கூப்பிட்டபோது, யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று நீங்கள் பின்னால் திரும்பிப் பார்த்தீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. பட்டயத்தை விரித்து, ஓரத்தில் அகப்பையோடு நிற்கும் நத்தையைக் கண்டு நீங்களும் சிரித்தீர்கள்.

பிறகு என்னிடம் வந்து, "இதுக்காகத்தானோ வரச் சொன்னனீர்?" என்று கேட்டீர்கள். ஓம் என்றேன். அந்த நேரம் உங்கள் முகம் மாறியது என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

பச்சை அறை பற்றி எழுதியிருந்தீர்களே, அப்போதே நீங்கள் எதை நினைக்கிறீர்கள் என்று எனக்கு விளங்கியது. மறுத்து எழுதினால் முகாமுக்கு வரமாட்டீர்கள். இத்தனை பேருக்குச் சமைத்துப் போட்ட உங்களை எல்லோரும் எழுந்து நின்று வாழ்த்துவதை ஒருமுறையாவது நான் பார்க்க ஆசைப்பட்டேன். மாமி என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றா. அதனால் பதிலை நேரில் சொல்ல முடியவில்லை.

நான் திரும்பி வரவில்லை, நித்தி. உங்களில் வெறுப்பில்லை. இரண்டு பேர் ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டு எழும்புகிற அந்த வீட்டில் இனி என்னால் இருக்க முடியாது.

சிவாஜினி


கிரான்பர்ன்
9 மே 2025

சிவாஜினிக்கு,

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். மூன்று நாள் அவ சாப்பிடவில்லை, இப்போது பரவாயில்லை.

இனி விவாகரத்துத்தான் என்றால் எனக்குச் சம்மதம். வேண்டிய அலுவல்களைப் பாரும், நான் மறுப்புச் சொல்லமாட்டேன்.

வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் பட்டயத்தைப் பார்த்துவிட்டு, "எவ்வளவு அன்பா செய்திருக்கிறா" என்கிறார்கள். அன்பில்லாமல் செய்ததென்று நானும் சொல்லமாட்டேன். ஆனால் அதைச் சுவரில் மாட்டிவைத்துக்கொண்டு என்னால் சாப்பிட முடியவில்லை. மோனிகாவிடம் கொடுத்துவிட்டேன், அவ பத்திரமாக வைத்திருப்பா.

இனி எனக்கு எழுத வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை. உம்முடைய கையெழுத்தைக் கண்டால் எனக்குத் திரும்பவும் நம்பிக்கை வந்துவிடுகிறது.

நித்தியானந்தன்