ரமோனுக்கு வாசித்த மிருதங்கம்

1996 பெப்ரவரி 11, ஞாயிறு

இன்று ரமோனின் இறுதிச் சடங்கில் மிருதங்கம் வாசித்தேன். கியூபாவில் அவனுடைய கொங்கா மேளத்துக்கு ஊரே ஆடியதாம். புலம்பெயர்ந்து வந்த இந்த நாட்டில் என்னோடு பேக்கரியில் மா குழைத்தான். இடைவேளைகளில் மேசையில் இருவரும் தாளம் போடுவோம். அவன் மனைவி கேட்டபோது மறுக்க மனம் வரவில்லை. பெட்டியைச் சுற்றி நின்றவர்கள் அழுதபடியே கைதட்டிப் பாடினார்கள்.

மாலையில், நான் திருவிழாக்களுக்கு வாசிக்கும் கோயிலின் தலைவர் போன் எடுத்தார்.

"செத்தவீட்டில வாசிச்ச மிருதங்கத்தை இஞ்ச கொண்டு வராதையும் தம்பி. திருவிழாவுக்கு வேறை ஆளைப் பாக்கிறம்."

"ஓம் அண்ணை, பாருங்கோ" என்றேன்.

"மன்னிப்புக் கேளுங்கோவன்" என்று என் மனைவி அழுகிறாள்.

கேட்க மாட்டேன். சனிக்கிழமை ரமோனின் நண்பர்கள் அவன் நினைவாக நடன மண்டபத்தில் வாசிக்கிறார்கள். நானும் வாசிக்க வருவதாகச் சொல்லிவிட்டேன்.