நிலாவெளிக்குச் சட்டி பானை வராது

என் ஆசை அம்மா,

நீங்கள் போய் மூன்று வருடமாகிறது. இன்று ஒரு வழக்கோடு வந்திருக்கிறேன். வீட்டுக்குள் கதைத்துத் தீராததால் நாலு பேர் வாசிக்கவே எழுதுகிறேன்.

தம்பி கனடாவிலிருந்து வருகிறான். மனைவி, பிள்ளைகள், மனைவியின் உறவுகள் என்று பதினொரு பேர். திருகோணமலையில் ஏழு நாள் விடுமுறை. வாட்ஸ்அப்பில் திட்டமும் அனுப்பிவிட்டான். முதல் நாள் கோணேசர் கோயில், இரண்டாம் நாள் கன்னியா வெந்நீரூற்று, பிறகு நிலாவெளி, புறாத்தீவு, துறைமுகம் என்று வடிவாக வரிசைப்படுத்தியிருக்கிறான். ஒவ்வொரு நாளுக்கும் கீழே, ‘சாப்பாடு: அக்கா’. ஏழு நாளும் என்னைத்தான் சாப்பிடப் போகிறார்கள் போலும்.

எங்கள் ஆட்களின் சுற்றுலா உங்களுக்குத் தெரியாததா? வான் வண்டியில் முதலில் ஏறுவது சட்டி பானை. பிறகு காஸ் அடுப்பு, அரிசி, தேங்காய், அதைத் துருவத் திருவலை. கடைசியாகக் கிடைக்கிற இடத்தில் சமைக்கிறவள்.

எனக்குப் பத்து வயதில் நாங்கள் நிலாவெளிக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? கடற்காற்றில் அடுப்பு அணைந்துகொண்டே இருந்தது. நீங்கள் கடலுக்கு முதுகைக் காட்டி, சேலையை விரித்துப் பிடித்து, நெருப்புக்கு மறைப்பாகப் பகல் முழுக்கக் குந்தியிருந்தீர்கள். திரும்பும்போது அப்பா, “கடல் எப்பிடி?” என்று கேட்டார். “கடல் என்ன கடல், காத்துத்தான் சரியான கரைச்சல்” என்றீர்கள். எல்லோரும் சிரித்தோம். இன்னும் கொஞ்சம் சொதி கேட்டு உங்களை மறுபடி அடுப்படிக்கு எழுப்பியவள் நான்தான். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

இந்த முறை தம்பிக்கு நான் அனுப்பிய பதில் சின்னது. “நானும் வாறன். சட்டி பானை வராது.” நிலாவெளியில் எனக்கென்று ஓர் அறையும் பதிந்துவிட்டேன், ஏழு நாளுக்கும். நான் இருக்கிற பாலையூற்று வீட்டைப் பூட்டித் திறப்பைத் தம்பியிடமே கொடுப்பேன். குசினி அங்கேதான் இருக்கும், விரும்பியவர்கள் சமைக்கலாம். ஐம்பத்து நாலு வயதாகியும் நான் புறாத்தீவில் கால் வைத்ததில்லை அம்மா. வெளியூர்களிலிருந்து வந்தவர்களெல்லாம் பார்த்துவிட்டார்கள்.

உடனே அழைப்பு வந்தது.

“இதென்ன கதை அக்கா? பிள்ளையள் மாமின்ர கறி சாப்பிடத்தானே வருதுகள்.”

“கடல் பாக்க வருதுகள் எண்டெல்லோ எழுதியிருக்கிறாய்?”

“அம்மா இருந்தா இப்பிடிச் செய்வாவோ?”

அதுதான் சுட்டது. நீங்கள் இல்லாத வீட்டில் எதற்கும் உங்களையே சாட்சிக்கு இழுக்கிறார்கள். “ஓம், அம்மா சமைச்சிருப்பா. அதுக்காகத்தான் நான் சமைக்க மாட்டன்” என்று சொல்லிப் போனை வைத்தேன்.

வைத்தபிறகும் கோபம்தான், ஆனால் உங்களைக் குறைத்துப் பேசிவிட்டேனோ என்ற பயமும் இருந்தது. நீங்கள் விரும்பித்தான் சமைத்தீர்களா அம்மா? களைத்த நாளில் “இண்டைக்கு ஏலாது” என்று சொல்ல உங்களுக்கு ஒருவராவது இருந்தார்களா? கேட்க எனக்கு எத்தனையோ வருடம் இருந்தது. கேட்கவில்லை.

மூன்று நாள் கழித்துத் தம்பியின் மனைவி கனடாவிலிருந்து அழைத்தாள். சண்டைக்குத்தான் என்று நினைத்து நானும் தயாராக இருந்தேன்.

“மச்சாள், உங்கட அறையில ரெண்டு கட்டில் இருக்கோ?”

“ஏன்?”

“இஞ்ச வேலையால வந்தும் குசினிதான். அங்க வந்தும் அதுதான் எண்டா, நான் ஏன் பிளேன் ஏறுவான்?”

“இல்லாட்டிப் போடச் சொல்லுறன். நீ வா.”

“அவருக்கு இன்னும் சொல்லேல்லை.”

“நான் எழுதட்டோ?”

“எழுதுங்கோ மச்சாள். எழுத்தில இருந்தா மாத்தேலாது.”

எழுதிவிட்டேன். தம்பி, நீ இதை வாசிக்கும்போது அறையில் இரண்டு கட்டிலும் போட்டாயிற்று. கோபித்துக்கொண்டு வராமல் இருந்துவிடாதே. நீ வரவேண்டும், பசித்தால் அரிசி கழுவவும் வேண்டும்.

அம்மா, உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனி இந்தக் குடும்பத்தில் ஒருத்தியைக் குசினிக்கு அனுப்ப உங்கள் பெயரை யாரும் எடுக்க விடமாட்டேன். உயிரோடு இருந்தபோது உங்களைப் படுத்தியது போதும்.

இப்படிக்கு,
சொல்வழி கேளாத உங்கள் மூத்த மகள்