பேனர் கட்டாத படிப்பு

அன்புள்ள இண்டாய்க்கு,

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும், இனி என்னால் ஆகாது. இங்கே நானும் அம்மாவும் சுகம், என் முதுகுவலியும் குறையில்லாமல் சுகமாக இருக்கிறது. மணிலாப் புகையில் நீ இருமாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாயிருக்க மாதாவை வேண்டுகிறேன்.

கம்பெனி கொடுக்கிற குழுத் தலைமையை ஏற்பதா, ரொடெலியோ மாமா நம் நகராட்சியில் மேயரிடம் சொல்லி வாங்கித் தருகிற கணினிப் பிரிவு வேலைக்குத் திரும்புவதா என்று அம்மாவிடம் போனில் கேட்டாயாம். முதலில் நம் ஹாரோ மாதா கோயில் திருவிழா விருந்தில் நடந்ததைக் கேள். மாமா பன்றி வறுவலை வெட்டிக்கொண்டே, "ஏன் மாப்ளே, உன் வாசல்ல மட்டும் பேனரைக் காணோம்? என் ஷெரில் நர்ஸ் பரீட்சை பாஸானப்போ தெருவையே மறைச்சுக் கட்டினேன். உன் பொண்ணு கம்ப்யூட்டர் படிப்புக்கு லைசென்ஸ் பரீட்சையே கிடையாதாமே, பேருக்குப் பின்னால போட ஒரு எழுத்தாவது உண்டா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தேன். அதோடு விட்டாரா, கிமாராஸ் தீவிலிருந்து படகில் வந்த பெருமை வேறு. "போன்லயே டிக்கெட், துறைமுகத்துல வரிசையே இல்ல. எவனோ வெள்ளைக்காரன் மூளைய்யா!" உன் அம்மா சூப் கரண்டியைக் கீழே வைக்காமலே, "அந்த டிக்கெட் ஆப் நம்ம இண்டாய் எழுதினதுண்ணே" என்றாள். மாமா போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பின்பக்கத்தில் உன் படம் ஒட்டியிருக்கும் என்பதுபோல. அவர் தட்டுக்கென்று எடுத்துவைத்திருந்த மொறுமொறுத் தோலை நான் எடுத்துத் தின்றேன். அப்படி ஒரு ருசியை என் ஆயுளில் கண்டதில்லை.

ஆகவே நகராட்சிப் பக்கம் தலைவைத்தும் படுக்காதே. எஞ்சினியர் லைசென்ஸும் முதல் வகுப்பும் வைத்திருந்த என் தலைக்கு மேல் அங்கே மேயரின் ஞானமகன் வந்து உட்கார்ந்தான், அவனைக் கூட்டிவந்தது இதே மாமாதான், அதை நான் மறக்கவும் மாட்டேன் மன்னிக்கவும் மாட்டேன். உனக்கு யாரும் சிபாரிசு செய்யவில்லை. ஒரு கணக்கைக் கொடுத்தார்கள், போட்டாய், உள்ளே போனாய். அந்தத் தலைமையை வாங்கிக்கொள். ஆனால் தலை வீங்க வேண்டாம். கருவிகள் வருஷத்துக்கு வருஷம் மாறும், கணிதமும் அடிப்படையும் மாறாது, அவற்றைப் படித்துக்கொண்டே இரு. சுவரில் மாட்டச் சான்றிதழ் சேர்ப்பது நம் ஊர் வியாதி, அது உனக்கு வேண்டாம், நீ செய்த வேலையைக் காட்டு. கூட்டத்தில் புரியாவிட்டால் புரியவில்லை என்று சொல். நம் ஆட்கள் கூச்சத்தில் எல்லாவற்றுக்கும் "சரி சார்" என்பார்கள், கடைசி நாளில் காணாமல் போவார்கள். உன் கீழே வரும் பிள்ளைகள் உன்னை மறுத்துப் பேசினால் முகம் சுளிக்காமல் கேள், எனக்கு அப்படி ஒரு மேலாளர் வாய்க்கவில்லை.

மாதா உன்னைக் காக்கட்டும், கை வைத்ததெல்லாம் துலங்கட்டும். காலையில் வெறும் காபியோடு ஓடாதே. மாமாவுக்கு மறுப்பை நீயே மரியாதையாக எழுதிவிடு, நான் எழுதினால் மரியாதை இருக்காது.

கீழே பெயர் எழுதப் போனால் பழக்கத்தில் பேனா "எஞ்சினியர்" என்றே தொடங்குகிறது. பெயரோடு எதையும் ஒட்டாமல் ஜெயித்தவளுக்கு அதை அனுப்ப இன்று எனக்குக் கூச்சமாக இருக்கிறது. கையெழுத்தில்லாமலே தபாலில் போடுகிறேன்.